தலப்பாகட்டி: பெயர் வைத்தது வாடிக்கையாளர், சொந்தம் யாருக்கு?

1957-ல் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு ஒரு பிரியாணிக் கடை திறந்தார். பெயர், ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல். ‘தலப்பாகட்டி’ என்ற வார்த்தை அதில் கிடையாது. அதை வைத்தது சாப்பிட வந்தவங்கதான். நாயுடு எப்பவும் தலைப்பாகையோடு இருப்பார். ஆனந்த விலாஸ் என்ற பெயரில் எந்த ஊரிலும் ஒரு ஹோட்டல் இருக்கும். தலப்பா கட்டின நாயுடு ஒருத்தர்தானே? பேச்சில் ஒட்டிக்கொண்ட அந்த அடையாளம் பின்னாளில் கடைப் பெயராகவே ஆனது.

அவர் சமையலில் பிடிவாதக்காரர். அரிசி என்றால் சீரக சம்பா மட்டும். பாஸ்மதி நீளமாக, உதிரியாக, அழகாக இருக்கும். ஆனா அதற்கென்று ஒரு தனி வாசம் உண்டு. பொடி மணியான சீரக சம்பா மசாலாவையும் கறிச்சாறையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். கறியும் கண்ட இடத்தில் வாங்குவதில்லை. கன்னிவாடி, பரமத்தி சந்தை ஆடுகள்தான் அந்தக் கடையின் பெருமை. மேய்ச்சல் நிலத்தில் வளர்ந்த ஆட்டின் கறிக்குத் தனி ருசி என்பது கொங்கு, மதுரைப் பக்கத்துக்காரர்கள் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாயுடு காலத்தில் இது திண்டுக்கல் கடை, அவ்ளோதான். அவருக்குப் பிறகு மகன், அடுத்து பேரன் நாகசாமி தனபாலன் என்று பொறுப்பு கைமாறியது. தாத்தாவின் பெயரையே கொண்ட பேரன் காலத்தில்தான் கடை ஊரைத் தாண்டி வளர்ந்தது. 2009-ல் சென்னைக்கு வந்தார்கள். அப்போது கடைக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது!

ஒரே ஊரில் ஒரே கடை இருக்கும்வரை பெயர் யாருடையது என்று யாரும் கேட்கப் போவதில்லை. கிளைகள் பெருகும்போதுதான் அது சொத்தாகிறது. ஃபிரான்சைஸ் என்பதே பெயரை வாடகைக்கு விடும் தொழில்தான். இடம் ஒருவருடையது, முதலீடு அவருடையது. போர்டில் இருக்கும் பெயரும் செய்முறையும் இன்னொருவருடையது. தெருமுனைப் பால் பார்லரிலும் கணக்கு இதுதான். அந்தப் பெயரை யாரும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டால், வாடகை யார் தருவாங்க?

தலப்பாகட்டிக்கு அந்தச் சிக்கல் நிஜமாகவே வந்தது. கிட்டத்தட்ட அதே உச்சரிப்பில், கடைசி எழுத்து மட்டும் மாறி, ‘தலப்பாகட்டு’ என்ற பெயரில் சென்னையில் பிரியாணிக் கடை நடந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தலைப்பாகை பொதுச்சொல் ஆயிற்றே, அதற்கு ஒருவர் மட்டும் எப்படி உரிமை கொண்டாட முடியும் என்ற கேள்வி யாருக்கும் வரும். ஆனா வர்த்தகச் சின்னச் சட்டம் அகராதியை மட்டும் பார்ப்பதில்லை. அந்தப் பெயரைக் கேட்டதும் மக்கள் மனசில் எந்தக் கடை வருகிறது, ஒன்றை இன்னொன்று என்று நினைத்து ஏமாற வாய்ப்பு இருக்கிறதா என்றும் பார்க்கிறது. பெயர் கடைசியில் திண்டுக்கல் குடும்பத்திடமே நின்றது. வாடிக்கையாளர்கள் விளையாட்டாகக் கூப்பிட்ட பெயர் என்பதே குடும்பத்துக்குப் பலம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊரே கூப்பிட்டுப் பழகிய பெயரைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

எல்லாருக்கும் இப்படி வாய்ப்பதில்லை. அமெரிக்காவில் மெக்டொனால்டு சகோதரர்கள் 1961-ல் தங்கள் நிறுவனத்தை ரே கிராக்கிடம் 27 லட்சம் டாலருக்கு விற்றார்கள். சான் பெர்னார்டினோவில் அவங்க ஆரம்பித்த முதல் கடை அவங்ககிட்டயே இருந்தது. ஆனா அதில் சொந்தக் குடும்பப் பெயரைப் போட முடியவில்லை. ‘பிக் எம்’ என்று மாற்ற வேண்டியதாயிற்று. கிராக் பக்கத்திலேயே ஒரு மெக்டொனால்ட்ஸ் திறந்தார். பழைய கடை கொஞ்ச காலத்தில் மூடப்பட்டது.

நாயுடு குடும்பமும் வெளிப்பணம் வாங்காமல் இல்லை. 2010களின் தொடக்கத்தில் சிஎக்ஸ் பார்ட்னர்ஸ் என்ற தனியார் முதலீட்டு நிறுவனம் உள்ளே வந்தது. பங்குகள் இப்படி வரும், போகும். கடை இலங்கை, அமீரகம் என்று கடல் தாண்டிய பிறகும் தொழிலை நடத்துவதில் குடும்பம் முன்னாலேயே இருந்தது.

திண்டுக்கல்லின் இன்னொரு அடையாளமான பூட்டு வேறு வழியில் போனது. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் தனி ஒருவருக்குச் சொந்தமில்லை; அந்தப் பகுதியில் பூட்டு செய்பவர்கள் எல்லாருக்கும் பொது. பிரியாணிக்கு அப்படி எதுவும் இல்லை என்பதால்தான் மாநிலம் முழுக்க ‘திண்டுக்கல் பிரியாணி’ என்று யார் யாரோ போர்டு மாட்டியிருக்கிறார்கள். ஊர்ப் பெயரை எடுத்துக்கொள்ளத் தடை இல்லை. நாயுடுவின் தலைப்பாகையைத் தொட்டால்தான் வக்கீல் நோட்டீஸ் வரும்.