குஞ்சன் நம்பியார் புனைந்த மூவகைக் கோலம்

ஆள் பாதி, ஆடை பாதி என்பர் தமிழ் மக்கள். வீதியில் நடமாடும் மனிதனுக்கே இது பொருந்துமாயின், அரங்கில் நின்று ஆடும் கலைஞனுக்கு எத்துணைப் பொருந்தும் என்று கூறவும் வேண்டுமோ? பாட்டாலும் கூத்தாலும் மட்டுமன்றி, ஆடையாலும் அணியாலும் ஒரு நாட்டின் உள்ளத்தைத் தொட்டவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் நம் பாலக்காட்டு மண்ணிலே தோன்றினார். அவரே துள்ளற் கலையின் தந்தையாகிய குஞ்சன் நம்பியார்.

கல்பாத்தி விசுவநாதர் கோயிலின் அருகே ஓடும் நம் ஆறு, பறளியில் கண்ணாடிப்புழையோடு கலந்து, பாரதப்புழை எனப் பெயர் பெற்று மேற்கு நோக்கிச் செல்கின்றது. அந்த ஆற்றின் வழியே சென்றால் லக்கிடியை அடுத்துக் கிள்ளிக்குறிச்சிமங்கலம் என்னும் சிற்றூரைக் காணலாம். அங்குள்ள கலக்கத்து இல்லத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏறத்தாழ 1705-ஆம் ஆண்டளவில் நம்பியார் பிறந்தார் என்பர். தஞ்சைத் தரணியை விட்டு இங்கு வந்து குடியேறிய நம் முன்னோர் நீராடிய அதே ஆற்று நீரே அவரையும் வளர்த்தது.

நம்பியார் என்பது கோயிற் பணி புரியும் ஒரு குலத்தின் பெயர். சாக்கியார் கூத்து நிகழ்த்துங்கால் மிழாவு என்னும் பெரிய முழவைக் கொட்டுவது அவர்தம் உரிமை. சாக்கியாரும் நமக்குப் புதியவர் அல்லர். சேரன் செங்குட்டுவன் முன்னிலையில் பறையூர்க் கூத்தச் சாக்கையன் ஆடிய செய்தியைச் சிலப்பதிகாரம் பதிந்து வைத்திருக்கின்றது. அப்பழங்கலை கோயிலின் கூத்தம்பலத்துள், வடமொழிப் புலமையுடையார் சுவைக்கும் வண்ணம் நடைபெற்று வந்தது. எளிய மக்கள் அதனைக் காணவும் கேட்கவும் வாய்ப்பில்லை.

இளமையில் ஊரை விட்டுச் சென்ற நம்பியார், அம்பலப்புழையில் செம்பகசேரி மன்னரின் ஆதரவைப் பெற்றார். துள்ளல் பிறந்த கதையை அங்குள்ளோர் இன்றும் சுவைபடக் கூறுவர். ஓர் இரவு மிழாவு கொட்டும்போது நம்பியார் கண்ணயர்ந்து விட்டாராம். சாக்கியார் அவையறிய அவரை எள்ளி நகையாடினாராம். மானம் பொறாத நம்பியார் மறுநாளே புதியதோர் ஆட்டத்தை அமைத்து, தாமே கோலம் பூண்டு கல்யாண சௌகந்திகக் கதையைப் பாடி ஆடினாராம். கூத்தம்பலத்திற் கூடியிருந்தோர் அனைவரும் எழுந்து அவரை நோக்கி ஓடினராம். கதை எங்ஙனமாயினும், நம்பியார் கொட்டியது என்று போற்றப்படும் மிழாவு அம்பலப்புழைக் கோயிலில் இன்றும் காக்கப்பட்டு வருகின்றது.

இனி, அவர் பூண்ட கோலத்தைக் காண்போம். துள்ளல் மூவகைப்படும். பறையன் துள்ளல் காலைக்குரியது, நடை மெல்லியது, பாம்பின் படம் போன்ற முடியும் சிவந்த ஆடையும் அதற்கு அடையாளம். சீதங்கன் துள்ளல் பிற்பகலுக்குரியது. மை தீட்டிய கண்களும், தென்னங்குருத்தோலையால் முடைந்த அணிகளும் அதற்கு அழகு. ஓட்டன் துள்ளல் மாலைக்குரியது. மூன்றினுள் விரைவு மிக்கது. பச்சை பூசிய முகமும், முடியும், மரத்திற் செய்த மார்பணியும், துணிக் கீற்றுகளை அடுக்கிக் கட்டிய இடையுடையும், காற்சதங்கையும் அதற்கு உரியன.

இக்கோலங்கள் வெறும் கற்பனையில் உதித்தவை அல்ல. பறையர், புலையர் முதலான உழைக்கும் மக்களின் ஆட்டங்களிலிருந்தும், படையணிக் கோலம் துள்ளலிலிருந்தும் நம்பியார் இவற்றை எடுத்துச் செப்பம் செய்தார் என்பது அறிஞர் கொள்கை. படையணியில் பாக்குப்பாளையில் வரைந்த பெரிய முகமூடிகள் உண்டு. துள்ளற்காரனோ தானே பாடித் தானே ஆட வேண்டியவன். முகமூடி அணிந்தால் பாட்டு வெளிவராது. முடி கனத்தால் கால் துள்ளாது. ஆதலின் முகமூடி நீங்கி முகப்பூச்சு நின்றது. கதகளியின் அகன்ற உடை சுருங்கி, சுழலும்போது விரியும் துணிக் கீற்றுகளாயிற்று. தொழிலுக்கேற்ற உடை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இதிலே ஆழ்ந்த பொருளொன்றும் உண்டு. எந்த மக்கள் கோயிலை நெருங்கவும் தடை இருந்ததோ, அந்த மக்களின் ஆட்டமும் அணியும் நம்பியாரின் உடம்பேறிக் கோயில் முற்றத்தை அடைந்தன. ஆயினும், கோலம் சென்ற இடத்திற்கு அக்கோலத்திற்கு உரியவர் செல்ல இருநூறு ஆண்டுகள் ஆயின. திருவிதாங்கூரில் ஆலய நுழைவு உரிமை 1936-ஆம் ஆண்டிலேயே அறிவிக்கப்பட்டது. நம் கல்பாத்தியிலோ, 1924-ஆம் ஆண்டுத் தேர்த் திருவிழாவின்போது ஈழவ மக்கள் தேர்வீதியில் நடப்பதற்கே எதிர்ப்பு எழுந்து பூசல் விளைந்தது. ஆண்டு மலரில் பெருமைகளை மட்டும் அடுக்கி இதனை மறைத்தல் முறையாகாது.

நம்பியாரின் பாட்டில் நம்மவரும் தப்பவில்லை. புராணக் கதையாயினும் அவர் காட்டும் நகரம் கேரள நகரமே. அதில் நாயர் உண்டு, நம்பூதிரி உண்டு, விருந்தென்றால் விரைந்தோடும் தமிழ்ப் பட்டரும் உண்டு. பட்டரின் உணவு வேட்கையை அவர் எள்ளிய இடங்கள் பல. அவற்றைக் கேட்டுச் சினப்பதா, சிரிப்பதா? அவர் தம் குலத்தாரையும் மன்னர்தம் ஏவலரையும் விட்டுவைத்தாரில்லை. எல்லாரையும் எள்ளும் கூட்டத்தில் நம்மையும் சேர்த்துக்கொண்டது, வந்தேறிகளாகிய நம்மை அந்நாட்டார் தம்முள் ஒருவராக எண்ணியதற்கு அடையாளம் என்றே நாம் கொள்கின்றோம்.

1746-ஆம் ஆண்டில் அம்பலப்புழை மார்த்தாண்ட வர்மரின் ஆட்சிக்குள் அடங்கியது. நம்பியாரும் திருவனந்தபுரம் சென்று அரசவையை அணி செய்தார். முதுமையில் அம்பலப்புழைக்கே மீண்டு, ஏறத்தாழ 1770-ஆம் ஆண்டில் வெறிநாய்க் கடியால் உயிர் நீத்தார் என்பது வழக்கு. அவர் இயற்றிய துள்ளற் பாட்டுகளுள் நாற்பதளவில் இன்று வழங்குகின்றன.

கிள்ளிக்குறிச்சிமங்கலத்தில் அவர் பிறந்த இல்லம் நினைவகமாகப் போற்றப்படுகின்றது. மே 5-ஆம் நாள் குஞ்சன் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. 1930-இல் வள்ளத்தோள் முதலியோர் நிறுவிய கலாமண்டலத்தில் துள்ளல் முறையாகக் கற்பிக்கப்படுகின்றது.

பழம்பொருட் காட்சிச் சாலையில் மரமுடியையும் மார்பணியையும் கண்ணாடிப் பேழையுள் நூறாண்டு வைத்துக் காக்கலாம். சீதங்கனின் குருத்தோலை அணியை அங்ஙனம் காக்க இயலுமோ? காலையில் கீறி முடைந்த ஓலை மறுநாள் வாடிவிடும். அதனைக் காப்பது பேழையன்று. முடையத் தெரிந்த கையே. மடிசார்ப் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்திருக்கும் நம் இல்லங்களுக்கும் இது பொருந்தும். உடுத்தத் தெரிந்தவர் உள்ளவரையிலேதான் அது உடை. பின்னர் அது வெறுந்துணியே.

ஆகவே, தேர்த் திருவிழாவிற்குக் கல்பாத்தி செல்லும் நம் சங்கத்து அன்பர்கள், ஒருநாள் ஒதுக்கிக் கிள்ளிக்குறிச்சிமங்கலத்திற்கும் தம் மக்களை அழைத்துச் செல்வாராக. பிறர் கோலத்தைத் தம்மேற் பூண்டு நாடு முழுவதையும் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்த அப்பெரியாரின் புகழ் நின்று நிலவுவதாக!