வசூல் பெட்டியும் வாத்தியாரும்

விராலிமலை வட்டாரத்துத் தோழர்களுக்கு நாடகம் இன்னதென்று நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மாசி, பங்குனி பிறந்துவிட்டால் சுவருக்குச் சுவர் நாடக நோட்டீசு. குன்றின் மேல் முருகன் கோயில். அடிவாரத்துப் புதர்களில் மயில்களின் அகவல். சுற்றியுள்ள ஊர்ப் பொட்டல்களிலோ அதே முருகன் வேடனாக, விருத்தனாக வேடம் மாற்றி வந்து வள்ளியோடு வழக்காடிக்கொண்டிருக்கிறான். இரவு பத்து மணிக்குப் பபூன் வந்து சிரிக்கவைத்தால், வள்ளி கழுத்தில் மாலை விழுவதற்குள் கிழக்கு வெளுத்துவிடும்.

ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? ராஜபார்ட் ஓர் ஊர்க்காரர். ஸ்திரீபார்ட் வேறோர் ஊர். ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊர். ஒத்திகை என்பது கிடையாது. அன்று மாலை பஸ்ஸிலிருந்து இறங்கி, ஒப்பனைப் பெட்டியைத் திறக்கும்போதுதான் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். ஆனாலும் கேள்விக்கு விடை தப்புவதில்லை. பாட்டுக்குப் பாட்டு சறுக்குவதில்லை. அது எப்படி?

அத்தனை பேரும் ஒரே மனிதரின் பாடத்தை நெட்டுருப் போட்டவர்கள். அந்த மனிதர் மறைந்து நூறாண்டுகளுக்கு மேல் ஆகின்றன. இன்றும் ஓர் இரவில் எத்தனையோ குடும்பங்களின் உலை அவர் எழுதிய வரிகளால் கொதிக்கிறது. அவர்தாம் தூத்துக்குடி தந்த சங்கரதாஸ் சுவாமிகள்.

நாடகத் தலைமை ஆசிரியர் என்று அவரைப் போற்றுகிறார்கள். ஆண்டுதோறும் மாலை சூட்டுகிறார்கள். சூட்டட்டும், மகிழ்கிறோம். ஆனால், உழைத்துப் பிழைக்கும் நாம் அவர் வாழ்க்கையை வேறொரு பக்கத்திலிருந்தும் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். நாடகத்தை உண்டாக்கியவர் யார், நாடகத்தின் வசூல் பெட்டிக்குச் சாவி வைத்திருந்தவர் யார் என்பதே நம் கேள்வி.

சங்கரன் பிறந்தது 1867-ஆம் ஆண்டு செப்டம்பர் 7. ஊர், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டி. தந்தை தாமோதரக் கணக்குப்பிள்ளை, தாயார் பேச்சியம்மாள். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்று, வெண்பாவும் விருத்தமும் சந்தமும் கைவரப்பெற்றார். பிழைப்புக்காகத் தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதினார். மாதம் பிறந்தால் சம்பளம். மழையானாலும் வெயிலானாலும் கவலையில்லை. அந்த நாற்காலியை உதறிவிட்டு, தம் இருபத்து நான்காம் வயதில் நாடக மேடை ஏறினார்.

அது 1891-ஆம் ஆண்டு. அதே ஆண்டில்தான் சென்னையிலே பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை அமைத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே வழக்கறிஞர்களும் உத்தியோகஸ்தர்களும் ஓய்வு நேரத்திலே நடித்தார்கள். கலைக்கு அவர்கள் செய்த தொண்டை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால், சபையிலே கூட்டம் குறைந்தால் மறுநாள் அவர்கள் வீட்டு அடுப்பு அணையாது. சங்கரதாசர் சேர்ந்த உலகம் அப்படிப்பட்டதல்ல. இன்று வசூலானால் இன்று சோறு. இல்லையேல் நாளை வேறு ஊர்.

அவருக்குக் கிடைத்தவை எமன், இரணியன், இராவணன், சனீசுவரன் போன்ற வேடங்கள். கம்பீரமான உருவம், இடிபோன்ற குரல். அவர் எமனாக வந்து நின்ற கோலத்தைக் கண்டு அஞ்சிய கருவுற்ற பெண்ணொருத்திக்குக் கரு கலைந்துவிட்டதாகவும், அதனால் மனம் நொந்து அவர் நடிப்பதையே விட்டுவிட்டதாகவும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்கிறார்கள். கொட்டகை நிறைய வேண்டும் என்பதற்காக எதையும் செய்யலாம் என்று கருதாத நெஞ்சம் அது. மற்றவர்களாயிருந்தால் அந்தச் செய்தியையே நோட்டீசில் அச்சடித்து மறுநாள் வசூலைக் கூட்டியிருப்பார்கள்!

நடிப்பை விட்டவர் ஆசிரியரானார். சாமி நாயுடு நாடக சபையில் பாடம் சொல்லிக்கொடுத்தார். பின்னர் அதையும் விட்டுக் காவியுடுத்தி ஊர் ஊராக நடந்தார். சங்கரதாசர் சுவாமிகளானது அப்போதுதான். நடந்த கால்கள் வந்து சேர்ந்த இடம் எது? நம் புதுக்கோட்டை! கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மேதை மான்பூண்டியா பிள்ளை அங்கே இருந்தார். சுவாமிகளைத் தம் பிள்ளையாகவே பாவித்துத் தம்மிடம் வைத்துக்கொண்டார். தாளத்தின் நுட்பமெல்லாம் சுவாமிகளுக்கு வசப்பட்டது இந்த மண்ணில்தான். விராலிமலைப் பக்கத்து நாடகத்தில் ஒரு சந்தப் பாட்டு வரும்போது நம் கால் தானாகத் தாளம் போடுகிறதே, அதற்கு வித்து புதுக்கோட்டையில் ஊன்றப்பட்டது.

மீண்டும் நாடக உலகம் அழைத்தது. வள்ளி வைத்தியநாதய்யர், அல்லி பரமேசுவர அய்யர், வேலு நாயர் ஆகியோர் கம்பெனிகளுக்கெல்லாம் ஆசிரியராக இருந்தார். அடைமொழிகளைப் பாருங்கள்: ஒருவர் வள்ளி, மற்றவர் அல்லி. வேடமே பெயராகிவிட்ட காலம்.

நாடகக் கம்பெனி எப்படி நடந்தது? ஓர் ஊருக்கு வரும். கொட்டகை வாடகைக்கு எடுக்கும். இல்லையேல் தகரத்தால் போடும். தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று விலை. பெட்டியை நிரப்பியவர்கள் நாற்காலிக்காரர்களா? இல்லை. மூட்டை தூக்கியவரும், வண்டி ஓட்டியவரும், ஏர் உழுதவரும் கொடுத்த தரை டிக்கெட்டுக் காசுதான் கம்பெனிகளை வாழவைத்தது. முதல் வாரம் ஊரே திரளும். இரண்டாவது வாரமும் தாங்கும். பிறகு பார்த்தவர்களே பார்க்க வேண்டும், வசூல் இறங்கும். புது நாடகம் போட்டால் ஒரு வாரம் ஏறும், மறுபடி சரியும். தையில் அறுவடைக் காசு புழங்கும்போது நிறையும். ஐப்பசியில் அடைமழை பிடித்தால் கொட்டகைக்குள் தண்ணீர்தான் நிற்கும். ஊரில் பேதி பரவினால் ஓர் ஆளும் வரமாட்டார். எதிரே இன்னொரு கம்பெனி இறங்கிவிட்டால் இரண்டிலும் பாதி.

வசூல் ஏறினால் இலாபம் முதலாளிக்கு. இறங்கினால்? சம்பளம் நிற்கும். கடைக்காரர் அரிசி நிறுத்துவார். சீன்களும் உடைகளும் ஈட்டுக்குப் போகும். ரயில் கட்டணத்துக்குக் கடன் வாங்கி, அடுத்த ஊரில் வசூலாகும் என்ற நம்பிக்கையில் மூட்டை கட்டுவார்கள். ஏற்றத்தில் பங்கில்லாதவர்கள் இறக்கத்தில் மட்டும் பங்காளிகள்! ஆலைத் தோழர்களே, இந்தக் கணக்கு உங்களுக்குப் புதிதா?

அலுத்துப்போன நடிகர்கள் ஒரு வழி கண்டார்கள். கம்பெனியைவிட்டு வெளியேறி, ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பேசித் தனித்தனியாகச் சென்று கூடி நடித்தார்கள். அதுதான் ஸ்பெஷல் நாடகம். காண்ட்ராக்டர் பெயர்பெற்ற ராஜபார்ட்டையும் ஸ்திரீபார்ட்டையும் பேசி அழைப்பார், டிக்கெட் விற்பார். இது நடந்ததற்கே அடிப்படை சுவாமிகளின் பாடம். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள் என்று ஏறத்தாழ எழுபது நாடகங்களை அவர் எழுதியதாகக் கணக்கிடுகிறார்கள். அந்தப் பாடம் எல்லாருக்கும் பொது. எனவே எவரும் எவரோடும் நடிக்கலாம். தொழிலாளியின் கையிலே ஒரு கருவியைக் கொடுத்து, இதை வைத்து எங்கும் பிழைத்துக்கொள் என்று சொன்னதற்குச் சமம் அது.

ஆனால், இதிலும் குறை நேர்ந்தது; அதை மறைப்பது நேர்மையாகாது. பெயர் பெற்ற நடிகர்கள் சிலர் பாடத்தைவிட்டு விலகி, கைதட்டலுக்காக வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். குடித்துவிட்டு மேடையேறியவர்களும் உண்டு. பாட்டுப் போட்டியும் சொற்போட்டியும் மிஞ்சிக் கதை காற்றிலே பறந்தது. பார்த்துப் பார்த்து மனம் கசந்த சுவாமிகள், கட்டுப்பாட்டோடு நாடகம் நடத்தத் தாமே 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபையை நிறுவினார். பின்னாளில் தமிழகத்தையே தம் குரலால் ஆட்டிவைத்த எஸ்.ஜி. கிட்டப்பா அங்கே பயின்றவர். அதன்பின் 1918-இல் மதுரையில், அவரை ஆசிரியராகக் கொண்டு சிறுவர்களே நடிக்கும் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கியது. பாடம் சுவாமிகளுடையது, பெட்டிச் சாவி முதலாளிகளுடையது.

அந்த ஆண்டை நினைவில் கொள்ளுங்கள். முதல் உலகப் போர் முடிந்த ஆண்டு. விஷக் காய்ச்சல் நாடெங்கும் உயிர்களை வாரிக்கொண்ட ஆண்டு. அரிசி விலை ஏறிச் சென்னையிலே கலகம் மூண்ட ஆண்டு. அப்படிப்பட்ட நேரத்தில், பிள்ளைக்கு மூன்று வேளைச் சோறு கிடைக்குமே என்று எத்தனை ஏழைப் பெற்றோர் பாய்ஸ் கம்பெனிகளைத் தேடினார்கள்! ஆறு வயதுச் சிறுவனாக அந்தச் சபையில் சேர்ந்தவர்தாம் பின்னாளைய அவ்வை டி.கே. சண்முகம். அந்தச் சிறுவனுக்காகவே சுவாமிகள் ஒரே இரவில் அபிமன்யு சுந்தரி நாடகத்தை எழுதி முடித்தார். விளக்கேற்றி உட்கார்ந்தவர் விடியுமுன் எழுந்தார்; நான்கு மணி நேர நாடகம் ஏட்டில் இருந்தது. அடித்தல் திருத்தல் இல்லை என்பார்கள். எத்தனையோ வாரங்கள் கொட்டகையை நிரப்பக்கூடிய சரக்கு ஓர் இரவின் உழைப்பு! அதற்கு அவர் பங்கு கேட்டதில்லை. கேட்கும் வழக்கமும் அன்று இல்லை.

பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை பூந்தோட்டமல்ல. இரவெல்லாம் கண்விழிப்பு, பகலெல்லாம் பாடம், தவறினால் பிரம்பு. பால் மணம் மாறாத பிள்ளைகளின் தூக்கத்தை விற்றுத்தான் அந்த வசூல் வந்தது. இன்றைய சட்டத்தின் கண்கொண்டு பார்த்தால் அது குற்றம். சுவாமிகளின் பெருமையைப் பேசும் நாம் அதையும் சேர்த்தே பேச வேண்டும். எழுத்தும் இசையும் கற்று, அந்தப் பிள்ளைகளில் பலர் தலைநிமிர்ந்தார்கள் என்பதும் உண்மை. பெயர் தெரியாமல் உதிர்ந்தவர்கள் அதிகம் என்பதும் உண்மை.

1921-இல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. வாய் பேச்சிழந்தது; கை எழுத்திழந்தது. எத்தனையோ பேருக்குப் பேசக் கற்றுத் தந்தவர் பேச முடியாமல் கிடந்தார். மணம் புரியாதவர். மனையில்லை, மக்களில்லை, கம்பெனிப் பிள்ளைகளே பிள்ளைகள். கம்பெனி சென்ற ஊருக்கெல்லாம் அவரும் சென்றார். கடைசியாகச் சென்ற ஊர் புதுச்சேரி. 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் இரவு அங்கே அவர் கண்மூடினார். வயது ஐம்பத்தைந்து. உப்புப் பண்டகசாலைக் கணக்கராகவே இருந்திருந்தால் ஒரு வீடாவது மிஞ்சியிருக்கும். அவர் விட்டுச் சென்றதோ நாடகங்கள் மட்டும்.

அந்த நாடகங்கள் பிறகு என்ன செய்தன? கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் வேலனும் வள்ளியுமாக நின்றபோது கொட்டகைகள் கொள்ளவில்லை. பேசும் படம் 1931-இல் வந்தது. 1933-இல் வள்ளி திருமணம் படமாகியும் பணம் குவித்தது. நாடகக் கொட்டகைகள் சினிமாக் கொட்டகைகளாயின. புதுக்கோட்டைச் சின்னப்பாவைப் போல் பாய்ஸ் கம்பெனியிலிருந்து திரைக்குச் சென்று கொடிகட்டிப் பறந்தவர்கள் சிலர். எஞ்சிய ஆயிரக்கணக்கானோரை எவர் காத்தார்?

நம் கிராமங்கள்தாம் காத்தன! டிக்கெட் முறை தேய்ந்தது. ஊர் கூடி வரி போட்டுத் திருவிழாவுக்கு நாடகம் வைத்தது. விராலிமலைக்கு இது புதிதல்ல. குறவஞ்சி ஆடிய மண் இது. அன்று கோயிலும் அரசும் கலைக்குப் படியளந்தன. பிறகு கம்பெனி முதலாளியின் பெட்டி. இன்று ஊர்ப் பொதுப்பணம். மூன்றிலும் மூலம் ஒன்றே. உழுதவன் கையிலிருந்து வந்த காசு.

ஆனாலும் இறக்கம் நின்றுவிடவில்லை. திருவிழாக் காலத்தின் சில மாதங்கள்தாம் வரும்படி. மீதி மாதங்கள் கடன். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. பங்குனி, சித்திரைத் திருவிழாக்கள் நின்றன. ஆண்டு முழுவதும் சோறு போடும் அந்தச் சில மாதங்களே அடிபட்டுப் போயின. மறு ஆண்டும் அதே நிலை. ராஜா வேடம் போட்டவர்கள் கூலி வேலைக்குச் சென்றார்கள். ஆர்மோனியம் அடகுக் கடைக்குச் சென்றது. நூறாண்டுக்கு முன் சுவாமிகளின் காலத்தில் எது நடந்ததோ, அதுவே மீண்டும் நடந்தது.

மதுரையிலும் புதுக்கோட்டையிலும் திண்டுக்கல்லிலும் நாடக நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. ஒரு தொழிலாளி நோயில் விழுந்தால் கைகொடுக்கச் சங்கம் வேண்டும். வசூல் இல்லாத மாதத்தில் அடுப்பெரிய உதவித்தொகை வேண்டும். முதுமையில் ஓய்வூதியம் வேண்டும். இவற்றைக் கேட்பது யாசகம் ஆகாது. ஒரு மொழியைப் படிப்பறிவில்லாத மக்களிடமும் இரவிரவாகக் கொண்டு சென்றவர்களுக்கு நாடு பட்ட கடனைத் திருப்பிக் கேட்பதே அது.

அடுத்த பங்குனியில் விராலிமலைப் பக்கம் நாடகம் பார்க்க உட்காரும் தோழர்களே! விடியற்காலையில் திரை விழுந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். ஒரு நிமிடம் நின்று, ஒப்பனை கலைத்துக்கொண்டிருப்பவர்களிடம் பேசிய சம்பளம் முழுதாகக் கைக்கு வந்ததா என்று கேளுங்கள். வரவில்லையென்றால், வரும்வரை அவர்கள் பக்கம் நில்லுங்கள். சங்கரதாஸ் சுவாமிகளுக்கு நாம் சூட்டக்கூடிய மாலை அதைவிட வேறில்லை.