28 லட்சம் பெண்கள் ஏன் நீக்கப்பட்டார்கள்? முதல் வாக்காளர் பட்டியலும் சுகுமார் சென்னும்

வாக்காளர் பட்டியலில் உங்க பெயருக்குக் கீழே அப்பா, அம்மா அல்லது கணவர் பெயர் இருக்கும், பார்த்திருப்பீங்க. அந்த இரண்டாவது வரி மட்டும் இருந்து, உங்க பெயரே இல்லைன்னா? இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலை நடத்திய சுகுமார் சென் முன்னால் வந்து நின்ற பிரச்னை இதுதான்.

கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியிலும் லண்டன் பல்கலைக்கழகத்திலும் படித்தவர், கணிதத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவர். ஐ.சி.எஸ். அதிகாரியாகி, மேற்கு வங்கத் தலைமைச் செயலாளராக இருந்தார். 1950 மார்ச்சில் நாட்டின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் ஆனார். பட்டியல் வேலை அவருக்கு முன்பே, 1948-லேயே தொடங்கியிருந்தது. பிரிவினை அகதிகள், இங்கேயே நிரந்தரமாகத் தங்கப்போகிறோம் என்று எழுதிக் கொடுத்தாலே சேர்த்துக்கொண்டார்கள். மொத்தம் 17 கோடிக்கும் அதிகமான வாக்காளர்கள். 85 சதவீதம் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

சிக்கல் வடக்கே இருந்தது. பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களில் பல பெண்கள் சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா என்றே பதிவானார்கள். அப்படியே விட்டால் வாக்குச்சாவடியில் ஆளை எப்படி அடையாளம் காண்பது? பெயரைக் கேட்டு எழுதுங்க, தராவிட்டால் நீக்குங்க என்றார் சென். பீகாருக்கு ஒரு மாதம் கூடுதல் அவகாசமும் கிடைத்தது. அப்படியும் சுமார் 28 லட்சம் பேர் நீக்கப்பட்டார்கள். பெண் வாக்காளர்கள் ஏறக்குறைய 8 கோடி. அதாவது 100-க்கு 3, 4 பேர். கடுமையான முடிவுதான். ஆனா பெண்ணையும் தனி ஆளாக, சொந்தப் பெயரோடு எழுதணும் என்ற அவர் பிடிவாதம் சரின்னுதான் எனக்குத் தோணுது. தண்டனையை அனுபவித்தது மட்டும் அந்தப் பெண்கள்.

ஆள் யார், எங்கே இருக்கிறார் என்ற அதே இரண்டு கேள்விகள்தான் இன்றைய சரிபார்ப்பிலும். நீங்க பெங்களூரு காக்ஸ் டவுனிலிருந்து ஜீவனஹள்ளிக்கு வாடகை வீடு மாறியிருக்கீங்கன்னு வைப்போம். சொந்த வீடு தேவையில்லை, அங்கே வழக்கமாக வசித்தால் போதும். பலரும் பண்ற தப்பு, மறுபடி படிவம் 6 கொடுப்பது. அது முதல்முறை சேர்பவர்களுக்கு. முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. இனிஷியல் விரிந்தும் சுருங்கியும் கிடக்கும் நம்ம பெயர்களைத் திருத்தவும் அதேதான். இரண்டு இடத்தில் பெயர் இருப்பது சட்டப்படி தவறு.

வயது 18. ஜனவரி 1 மட்டுமில்ல, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளும் இப்போ கணக்கு. சென் காலத்தில் 21. அது 1989-ல்தான் 18 ஆனது.

யாராவது படிவம் 7 கொடுத்து உங்களை நீக்கச் சொன்னால்? நீங்க அங்கே வசிக்கவில்லை என்று நீக்கும் முன் பதிவு அதிகாரி உங்க தரப்பைக் கேட்கணும். நீக்கிவிட்டால் 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடமும், அங்கேயும் நடக்கலைன்னா 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம். 1951-ல் நீக்கப்பட்ட பெண்களில் பெரும்பாலோருக்கு அடுத்த தேர்தல்வரை காத்திருப்பதுதான் வழி.

சென் 1953-ல் சூடானின் முதல் தேர்தலையும் மேற்பார்வையிட்டார். 1957 தேர்தலையும் நடத்திவிட்டு 1958-ல் ஓய்வு பெற்றார், 1963-ல் காலமானார். நினைவுக் குறிப்பு எதுவும் எழுதவில்லை. அந்த 28 லட்சம் பேர் பற்றிய கணக்கு, முதல் தேர்தல் குறித்த அவரது அறிக்கையில்தான் இருக்கிறது.