மூச்சிரைப்பு தந்த காமிரா

ஐரோப்பாவுக்குச் சுற்றுப் பிரயாணம் கிளம்புகிறவர்கள் காமிராப் பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் யோசிப்பதுண்டு. அகலக் காட்சிக்கு ஒரு லென்ஸ், தூரத்து மலைக்கு ஒன்று, மாதா கோயிலின் இருட்டுக்கு ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று. இப்படி அடுக்கிக்கொண்டே போனால் மூன்றாம் நாள் தோள்பட்டை கெஞ்சும். எதை எடுத்துப் போவது, எதை வீட்டில் விட்டுப் போவது? இந்தக் கேள்விக்குத் தம் நெஞ்சு பட்ட வேதனையிலிருந்தே விடை தேடியவர் ஆஸ்கார் பார்னாக் என்ற ஜெர்மானியர். லைக்கா காமிராவைப் படைத்தவர் இவர்தாம்.

பார்னாக் 1879 நவம்பர் 1-ஆம் தேதி, பெர்லினுக்குத் தெற்கே லீனோ என்ற சிற்றூரில் பிறந்தார். காலேஜ் வாசலை மிதித்தவரல்லர். பெர்லினை அடுத்த லிக்டர்ஃபெல்டேயில் வானசாஸ்திரக் கருவிகள் செய்யும் பட்டறை ஒன்றில் சேர்ந்து தொழில் பழகினார். பிறகு அக்கால வழக்கப்படி ஊர் ஊராகச் சென்று வேலை பார்த்து, 1902-ல் யேனா நகரத்து ஜைஸ் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தார்.

யேனாவைச் சுற்றியிருப்பது துரிங்கியாவின் மலைப் பிரதேசம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பார்னாக் படம் எடுக்கக் கிளம்பிவிடுவார். ஆனால் அந்நாளில் படம் எடுப்பது என்றால் சாமானியமான காரியமா? அவர் காமிரா 13-க்கு 18 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடு போடும் பெரிய பெட்டி. தகடுகள் ஆறோ எட்டோ தனிப் பெட்டியில். அவற்றோடு மரத்தாலான முக்காலி. இத்தனையையும் சுமந்து மேடு ஏறுகிறவருக்கோ ஆஸ்துமா! பத்தடி ஏறினால் மூச்சு வாங்கும். நின்று, ஆசுவாசப்படுத்திக்கொண்டு மறுபடியும் ஏற வேண்டும். வேறு ஒருவராக இருந்தால் படம் எடுப்பதை விட்டிருப்பார், அல்லது மலையை விட்டிருப்பார். பார்னாக் இரண்டையும் விடவில்லை. மூட்டையை எப்படிக் குறைப்பது என்றே யோசித்தார்.

சுமார் 1905-ல் ஒரு சோதனை செய்து பார்த்தார். ஒரே தகட்டில் பதினைந்து இருபது சின்னஞ்சிறு படங்களை எடுத்துப் பெரிதாக்கினார். படம் முழுவதும் மணல் கொட்டியது போலப் புள்ளிகள்! அந்நாள் தகட்டுக்கு அந்தச் சக்தி கிடையாது. சோதனை தோற்றது; எண்ணம் மட்டும் மனத்தில் தங்கிவிட்டது.

1911-ல் வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் ஸ்தாபனத்தில் வேலை கிடைத்தது. மைக்ராஸ்கோப் செய்வதில் பெயர் பெற்ற ஸ்தாபனம் அது. ஜைஸில் இவருடன் வேலை பார்த்து முன்னதாகவே அங்கே போயிருந்த எமில் மெக்காவ் என்ற நண்பர்தாம் இவரைச் சிபாரிசு செய்தார். அங்கே இவருக்குச் சோதனைப் பிரிவின் தலைமை கிடைத்தது. சினிமாக் கருவிகளிலும் கை வைக்க நேர்ந்தது. கையில் புழங்கிய சினிமா பிலிம்தான் பழைய எண்ணத்துக்கு உயிர் கொடுத்தது.

சினிமா பிலிமின் அகலம் 35 மில்லிமீட்டர். இரு ஓரத்துத் துளைகள் போக நடுவில் படத்துக்கு 24 மில்லிமீட்டர் கிடைக்கும். சினிமாவில் ஒரு படம் 18-க்கு 24. பார்னாக் பிலிமைக் குறுக்கே ஓடவிட்டு, இரண்டு படங்களின் இடத்தை ஒரு படத்துக்குக் கொடுத்தார். 24-க்கு 36 என்ற அளவு பிறந்தது. இன்று பிலிமே இல்லாத டிஜிட்டல் காமிராக்களிலும் முழு அளவு என்று சொல்வது இந்த 24-க்கு 36-ஐத்தான்!

1913, 1914-ஆம் ஆண்டு வாக்கில் சட்டைப் பைக்குள் போகக்கூடிய உலோகக் காமிரா தயாராயிற்று. 1914 ஆகஸ்டில் யுத்தம் மூண்டபோது வெட்ஸ்லார் கடைத்தெருவில் படை திரட்டும் உத்தரவு ஒட்டப்பட்டதையும், கூடி நின்ற ஜனங்களையும் அதைக் கொண்டே படம் பிடித்தார். 1920-ல் லான் நதி பெருகி ஊருக்குள் புகுந்த காட்சியையும் எடுத்தார். முக்காலியை ஊன்றி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு எடுக்கிற படங்களல்ல இவை. இரண்டாவது மாதிரி ஒன்றை முதலாளியின் மகன் எர்ன்ஸ்ட் லைட்ஸ் 1914-ல் அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்று நியூயார்க் தெருக்களில் பயன்படுத்தினார்.

யுத்தம் முடிந்தது, ஜெர்மனியின் நாணயம் சரிந்தது. 1923-ல் ஒரு ரொட்டிக்குக் கூடை நிறைய நோட்டு கொடுக்க வேண்டியிருந்த காலம். அந்த வருஷத்தில் சோதனைக்காக இருபதுக்குச் சற்று அதிகமான காமிராக்களைச் செய்து, படத் தொழில் தெரிந்தவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். பலருக்கும் திருப்தியில்லை. தபால் தலை அளவு பிலிமில் என்ன படம் வரும் என்பது அவர்கள் எண்ணம். 1924 ஜூனில் ஸ்தாபனத்தின் பெரியவர்கள் கூடி நெடுநேரம் விவாதித்தார்கள். வேண்டாம் என்ற பக்கமே கனமாக இருந்தது. தகப்பனார் காலமாகி, அப்போது ஸ்தாபனத் தலைவராயிருந்த எர்ன்ஸ்ட் லைட்ஸ், தொழிலாளர்களுக்கு வேலை வேண்டும் என்ற கவலையும் மனத்தில் இருக்க, செய்துதான் பார்ப்போம் என்று முடிவு கட்டினார். அன்று அவர் தலையசைக்காமற் போயிருந்தால் பார்னாக்கின் காமிரா ஏதோ ஓர் அலமாரியில் தூங்கியிருக்கும்.

1925-ல் லைப்ஸிக் வசந்தகாலச் சந்தையில் லைக்கா வெளிவந்தது. லென்ஸைக் கணக்கிட்டவர் மாக்ஸ் பெரெக் என்ற விஞ்ஞானி. 24-க்கு 36 படத்தின் மூலைவிட்டம் 43 மில்லிமீட்டர். அதற்குச் சற்று மேலாக 50 என்று வைத்தால் மூலைகள் வரை தெளிவு குன்றாது. அந்த 50 மில்லிமீட்டர் லென்ஸ் உபயோகமில்லாத வேளையில் காமிராவுக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும். காமிராவும் லென்ஸும் சேர்ந்து அரைக் கிலோவுக்கும் குறைவு. பார்னாக்கின் நெஞ்சு இனி எதற்கு மூச்சு வாங்க வேண்டும்?

ஐந்து வருஷம் இந்த ஒரு குவியத்தூரம்தான். லென்ஸை மாற்ற வழியில்லை. 1930-ல் திருகிக் கழற்றும் லென்ஸ்கள் வந்தன: 35, 50, 135. முதலில் ஒவ்வொரு லென்ஸையும் அந்தந்தக் காமிராவுக்கென்றே தொழிற்சாலையில் பொருத்திச் சரிபார்க்க வேண்டியிருந்தது. 1931-ல் லென்ஸுக்கும் பிலிமுக்கும் உள்ள தூரத்தை 28.8 மில்லிமீட்டர் என்று எல்லாவற்றிலும் ஒன்றாக்கினார்கள். அதன் பின் எந்த லென்ஸும் எந்த லைக்காவுக்கும் பொருந்தியது. பெரெக் தம் லென்ஸ் வகை ஒன்றுக்குத் தம் நாயின் பெயரை வைத்தார் என்றும் ஒரு பேச்சு உண்டு. ஹெக்டார் என்பது அந்தப் பெயர்.

பிரயாணிகளின் தலைவலியும் இங்கேதான் ஆரம்பம். ஒரு லென்ஸ் இருந்தவரையில் கேள்வியே எழவில்லை. பல வந்ததும் பை மறுபடியும் கனக்கத் தொடங்கியது. கொலோன் மாதா கோயிலை எடுத்துக்கொள்வோம். கோபுரம் 157 மீட்டர். 50 மில்லிமீட்டர் லென்ஸோடு, காமிராவை நெட்டாகத் திருப்பிச் சற்று நிமிர்த்திப் பிடித்தாலும், அடி முதல் முடி வரை அடங்கச் சுமார் 190 மீட்டர் பின்னால் போக வேண்டும். அந்த நெருக்கமான ஊரில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? 35 மில்லிமீட்டர் என்றால் 112 மீட்டர் போதும். வெனிஸ் சந்துகளுக்கும் அதுவே உதவும். ஆல்ப்ஸ் சிகரத்துக்கோ நீண்ட லென்ஸ் தேவை. ஆனால் 135 கனமானது.

இதற்காகவே 1932-ல் 105 மில்லிமீட்டர் எல்மார் ஒன்றை வெளியிட்டார்கள். மலை ஏறுகிறவர்களுக்கென்றே செய்தது. மலை எல்மார் என்றே அதற்குப் பெயர். ஒளித் துவாரத்தை 6.3 என்று சிறிதாக்கி, எடையைக் கால் கிலோ அளவுக்குக் குறைத்தார்கள். மலை மேல் வெயிலுக்கா பஞ்சம்? தேவையில்லாத வெளிச்சத்துக்காகக் கண்ணாடியைச் சுமப்பானேன்? விற்பனை என்னவோ பிரமாதமில்லை. சில ஆயிரங்களோடு நின்றுவிட்டது. ஆனால் லைட்ஸின் அந்தக் கால லென்ஸ்களில் பார்னாக்கின் மனத்தை அப்படியே காட்டுவது இதுதான் என்று எனக்குப் படுகிறது. 35, 50, இந்த 105 ஆகிய மூன்றோடு ஐரோப்பா முழுவதும் சுற்றி வரலாம். இரண்டுதான் என்றால் 50-ஐ விட்டுவிட்டு மற்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று என்றால் 50.

அந்த ஒன்றோடு திருப்தியடைந்தவர்களும் உண்டு. பிரெஞ்சுக்காரரான ஆன்ரி கார்த்தியே பிரேசோன் 1932-ல் லைக்கா ஒன்றை வாங்கி, பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸைக் கொண்டே ஸ்பெயினும் இத்தாலியும் சுற்றினார். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்து, ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படம் பிடித்தவரும் இவரே.

பார்னாக் அவ்வளவு தூரம் போனவரல்லர். 1932-ல் தூரத்தை அளந்து காட்டும் கருவியைக் காமிராவுக்குள்ளேயே இணைத்த இரண்டாவது லைக்கா அவர் கண் முன்னே வெளிவந்தது. உடம்பு மட்டும் தேறவே இல்லை. 1936 ஜனவரி 16-ஆம் தேதி பாட் நௌஹைம் என்ற ஊரில் நிமோனியா கண்டு காலமானார். வயது 56.

1923-ல் செய்த சோதனைக் காமிராக்களில் 105-ஆம் எண்ணுள்ளது அவருடைய சொந்தக் காமிரா. அதன் மேல் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. 2022 ஜூனில் வெட்ஸ்லாரில் நடந்த ஏலத்தில் அது 144 லட்சம் யூரோவுக்குப் போயிற்று. அதிலும் லென்ஸ் ஒன்றுதான், கழற்ற முடியாது.