மெட்டியாபுரூஸ் மன்னர்

நுழையும்முன்

ஒருவர் தாம் செய்ய வேண்டிய பணியைத் தகுந்தவரிடம் ஒப்படைப்பது நிருவாகத்தின் முதற்பாடம். ஒப்படைத்த பணியை இடையறாது கண்காணிப்பது இரண்டாம் பாடம். முதற்பாடத்தை மட்டும் கற்று இரண்டாம் பாடத்தைக் கைவிட்டால் நேர்வது யாது? நாம் வாழும் கார்டன் ரீச்சில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த ஒரு மன்னரின் வரலாற்றைக் கற்று, இவ்வினாவிற்கு நாமே விடை காண்போம்.

ஊரும் பெயரும்

ஹூக்ளி ஆற்றங்கரையில், கிதிர்ப்பூர்த் துறைமுகத்தை அடுத்து அமைந்தது கார்டன் ரீச். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் செல்வந்தரும் உயர் அலுவலரும் இங்குத் தோட்டங்கள் சூழ்ந்த மாளிகைகளைக் கட்டி வாழ்ந்தனர். இதன் ஒரு பகுதியே மெட்டியாபுரூஸ். மண்ணால் ஆன கோபுரம் என்பது அப்பெயரின் பொருள். இன்று இப்பகுதியில் கப்பல் கட்டும் தளமும் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகமும் உள்ளன. அவற்றில் பணிபுரியத் தமிழகத்தினின்று வந்த குடும்பங்களும் இங்கு வாழ்கின்றன. நமக்கு நெடுங்காலம் முன்னரே, தம் சொந்த ஊரை விட்டு இவ்வூருக்கு வந்து குடியேறியவர் ஒருவர் உண்டு. அவரே அவத் நாட்டின் இறுதி மன்னர் நவாப் வாஜித் அலி ஷா. தமிழில் எழுதப்பட்ட வரலாற்று நூல்களில் அவருடைய நாடு அயோத்தி என்னும் பெயராலும் குறிக்கப்படும்.

இளமையும் அரசுரிமையும்

வாஜித் அலி ஷா 1822-ஆம் ஆண்டு லக்னோ நகரில் பிறந்தார். இளமையிலேயே இசையிலும் நடனத்திலும் கவிதையிலும் பெருவிருப்பம் கொண்டார். அக்தர் என்னும் புனைபெயரில் உருது மொழியில் பல நூல்களை இயற்றினார். தும்ரி என்னும் இசை வடிவமும் கதக் நடனமும் அவருடைய அவையில் செழித்து வளர்ந்தன. தந்தை அம்ஜத் அலி ஷா மறைந்ததும், 1847-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அரியணை ஏறினார். அப்போது அவருக்கு அகவை இருபத்து நான்கு.

ஆட்சியின் தொடக்கத்தில் அவர் ஊக்கத்துடன் செயலாற்றினார். புதிய படைப்பிரிவுகளை அமைத்து, அவற்றின் பயிற்சியைத் தாமே நேரில் பார்வையிட்டார். அவர் நகர்வலம் வருகையில் இரண்டு சிறிய வெள்ளிப் பேழைகள் முன்னே எடுத்துச் செல்லப்பட்டன. குறையுடைய குடிமக்கள் எவரும் தம் விண்ணப்பத்தை அப்பேழையுள் இடலாம். அதன் திறவுகோல் மன்னரிடமே இருந்தது. அமைச்சருக்கோ அலுவலருக்கோ அஞ்சாமல் எளியோர் குரல் மன்னரை எட்டுவதற்கு அமைந்த வழி அது.

ஆயினும் இவ்வழக்கம் நெடுநாள் நீடிக்கவில்லை. படைகளைச் சீர்செய்ய மன்னர் காட்டிய ஆர்வத்தை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி விரும்பவில்லை. மன்னரின் உள்ளம் சிறிது சிறிதாக ஆட்சியினின்று விலகிக் கலைகளின்பால் திரும்பியது. கைசர்பாக் என்னும் அழகிய அரண்மனைத் தொகுதியை எழுப்புவதிலும், தாமே இயற்றிய நாடகங்களை அரங்கேற்றுவதிலும் அவருடைய நாள்கள் கழிந்தன.

ஒப்படைக்கப்பட்ட ஆட்சி

நாட்டின் அன்றாட நிருவாகம் தலைமை அமைச்சர் அலி நகி கானின் கைக்குச் சென்றது. அவர் மன்னரின் உறவினரும் ஆவார். அமைச்சரிடம் ஆட்சிப் பணியை ஒப்படைத்தது பிழையன்று. எந்த மன்னரும் எல்லாப் பணிகளையும் தாமே செய்தல் இயலாது. ஆனால் ஒப்படைத்த பணி எவ்வாறு நடைபெறுகிறது என்று கேட்கும் வழக்கம் அரண்மனையில் மறைந்தது. கணக்குகள் மன்னரின் பார்வைக்கு வருவது அரிதாயிற்று.

வரி தண்டும் பணியிலும் இதே நிலைதான். இஜாரா என்னும் குத்தகை முறை அவத் நாட்டில் முன்னரே பரவியிருந்தது. ஒரு வட்டாரத்தின் வரியைத் தண்டும் உரிமையை, ஒரு குறித்த தொகையைத் தர ஒப்புக்கொள்பவரிடம் அரசு அளித்துவிடும். அத்தொகை கருவூலத்தைச் சேர்ந்தால் போதும். உழவரிடமிருந்து அவர் எவ்வளவு பெற்றார், எவ்வாறு பெற்றார் என்று கேட்பார் இல்லை. குத்தகை பெற்றவர் குறுகிய காலத்தில் இயன்ற அளவு ஈட்டவே முயன்றார். வலிமை மிக்க நிலக்கிழார்களோ கோட்டை கட்டிக்கொண்டு வரி தர மறுத்தனர். இவ்விருவருக்கும் இடையே அகப்பட்டு அல்லலுற்றவர் உழவரே. அவர் முறையிட விரும்பினாலும் மன்னரை அணுகும் வழி இல்லை. வெள்ளிப் பேழையும் அப்போது இல்லை.

தமிழகத்தில் ஒரு சான்று

இவ்விடத்தில் நம் முன்னோரின் நடைமுறை ஒன்றை ஒப்பிட்டுக் காணல் தகும். காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஊர்ப்பணிகள் வாரியங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டதை அவை கூறுகின்றன. ஏரியைக் காக்க ஏரி வாரியம், தோட்டங்களைக் காக்கத் தோட்ட வாரியம், பொன்னை ஆராயப் பொன் வாரியம் என அவை அமைந்தன. உறுப்பினர் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுடைய பணிக்காலம் 360 நாள்கள். முன்பு வாரியப் பணி செய்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் உறுப்பினராக இயலாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அத்தகுதி இல்லை.

சோழ மன்னன் உத்திரமேரூர் ஏரியைத் தானே காக்கவில்லை. காப்பவர் யார், எத்தனை நாளுக்கு, யாரிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்பன கல்லில் வெட்டப்பட்டிருந்தன. திருக்குறளில் தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தை அடுத்துத் தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரம் அமைந்துள்ளது. தகுதி அறிந்து ஒருவரைத் தேர்க. தேர்ந்தபின் பணியை அவரிடமே விடுக. எனினும் பணிபுரிவோரை நாள்தோறும் ஆராய்க என்பது அங்குக் கூறப்படும் அறம். வாஜித் அலி ஷா பணியை விட்டார். ஆராய்தலையும் உடன் விட்டார்.

குற்றச்சாட்டும் அதன் மறுபக்கமும்

1849-ஆம் ஆண்டு லக்னோவில் கம்பெனியின் பேராளராகப் பொறுப்பேற்ற ஸ்லீமன், அவத் நாடெங்கும் சுற்றுப்பயணம் மேற்கொண்டார். அமைச்சரும் அரண்மனைப் பாடகரும் பணியாளரும் மன்னரைச் சூழ்ந்துகொண்டு நாட்டைச் சீரழிப்பதாக அவர் எழுதினார். அவருக்குப் பின் வந்த அவுட்ரமும் அதனையே வலியுறுத்தினார். தலைமை ஆளுநர் டல்ஹௌசி, அவத் நாட்டைக் கம்பெனியின் ஆட்சியில் இணைக்க முடிவு செய்தார்.

இக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆயினும் குற்றம் சாட்டியவரின் நிலையையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1801-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அவத் நாட்டின் ஏறத்தாழப் பாதி நிலப்பகுதியைக் கம்பெனி பெற்றுக்கொண்டது. நாட்டின் சொந்தப் படையும் பெருமளவு குறைக்கப்பட்டது. கம்பெனியின் பேராளர் இசையாமல் நவாப் பெரிய செயல் எதனையும் செய்ய இயலாத நிலை உருவாயிற்று. அதிகாரம் கம்பெனியிடம் இருந்தது. பழி மட்டும் நவாபிடம் இருந்தது. அதிகாரம் இல்லாத பொறுப்பு ஒருவரைச் சோர்வடையச் செய்யும். பொறுப்பு இல்லாத அதிகாரம் மற்றவரைப் பேராசைக்கு ஆளாக்கும். அவத் நாட்டில் இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்தன. மேலும், தீர்ப்பு வழங்கிய கம்பெனியே அத்தீர்ப்பினால் ஒரு நாட்டையும் பெற்றது.

1856-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஆட்சியைக் கம்பெனியிடம் அளிக்கும் புதிய உடன்படிக்கையில் கையொப்பமிடுமாறு அவுட்ரம் மன்னரை வற்புறுத்தினார். மன்னர் தம் தலைப்பாகையைக் கழற்றி அவர் கையில் அளித்தார். கையொப்பமிட மட்டும் இசையவில்லை. பிப்ரவரி 7-ஆம் நாள் அவத் நாடு கம்பெனியின் ஆட்சியில் இணைக்கப்பட்டது.

கார்டன் ரீச்சில் மன்னர்

முறையிடும் நோக்குடன் மன்னர் லக்னோவினின்று புறப்பட்டு, 1856-ஆம் ஆண்டு மே திங்களில் கொல்கத்தாவை அடைந்தார். இலண்டன் வரை செல்வது அவர் எண்ணம். உடல்நலம் குன்றியதால் அவர் கார்டன் ரீச்சிலேயே தங்க, அவர் சார்பாகத் தாயார் மலிகா கிஷ்வர் கடல் கடந்து சென்றார். அம்முயற்சி பயனளிக்கவில்லை. தாயார் 1858-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் காலமானார்.

இதற்கிடையே 1857-ஆம் ஆண்டு பெரும் புரட்சி எழுந்தது. மன்னர் கைது செய்யப்பட்டு வில்லியம் கோட்டையில் ஈராண்டுகள் சிறை வைக்கப்பட்டார். அவர் லக்னோவிலேயே விட்டு வந்திருந்த பேகம் ஹஸ்ரத் மகல், சிறுவனான தம் மகன் பிர்ஜிஸ் கத்ரை அரியணையில் அமர்த்தி, ஆட்சியையும் போரையும் தாமே முன்னின்று நடத்தினார். 1858-ஆம் ஆண்டு மார்ச் திங்களில் லக்னோ வீழும் வரை அவருடைய உறுதி குலையவில்லை.

சிறையினின்று மீண்ட மன்னருக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு இலட்சம் ரூபாய் உதவித்தொகை வழங்கப்பட்டது. அதனைக் கொண்டு அவர் மெட்டியாபுரூஸில் ஒரு சிறிய லக்னோவை உருவாக்கினார். மாளிகைகள், மசூதிகள், விலங்குக் காட்சிச்சாலை, பாம்புகளுக்கென ஒரு செயற்கைக் குன்று, புறாக் கூடுகள் ஆகியவை எழுந்தன. அங்கு வளர்ந்த எழுத்தாளர் அப்துல் ஹலீம் ஷரர், விலங்குகளைக் காக்க 800 பேருக்கு மேலும் புறாக்களைக் காக்க 300 பேரும் இருந்ததாக எழுதியுள்ளார். இசைக்கலைஞர், சமையற்கலைஞர், தையற்கலைஞர், பட்டம் செய்வோர் எனப் பலர் லக்னோவினின்று வந்து குடியேறினர். உருளைக்கிழங்கு இட்ட கொல்கத்தா பிரியாணியும், மெட்டியாபுரூஸின் தையல் தொழிலும் அம்மன்னரின் வருகையோடு தொடர்புபடுத்திப் பேசப்படுகின்றன.

நாட்டை ஆளுகையில் பிறரிடம் எல்லாவற்றையும் விட்டவர், இங்குப் புறாக்களையும் பாடல்களையும் தாமே நேரில் கவனித்தார் என்பது எண்ணத்தக்கது. அவர் கண் சென்ற இடம் தழைத்தது. ஆயினும் வரவையும் செலவையும் சமன்செய்யும் பணியில் இங்கும் அவர் கருத்துச் செலுத்தவில்லை. கடன் பெருகியது. 1887-ஆம் ஆண்டு அவர் மறைந்ததும், அவருடைய உடைமைகளில் பெரும்பகுதி விற்கப்பட்டது. மாளிகைகள் பல அழிந்தன. அவர் 1864-ஆம் ஆண்டு எழுப்பிய சிப்தைனாபாத் இமாம்பாராவில் அவருடைய அடக்கம் இன்றும் உள்ளது. அவரை நம்பி லக்னோவினின்று வந்தவர்களின் வழித்தோன்றல்கள் தம் கைத்தொழிலால் இவ்வூரிலேயே நிலைபெற்றனர்.

நாம் அறிவன

கார்டன் ரீச்சில் அமர்ந்துள்ள தென்கிழக்கு ரயில்வேயின் பொது மேலாளர் கரக்பூர் நிலையத்தில் கொடி காட்டுவதில்லை. கரக்பூர், ஆத்ரா, சக்ரதர்பூர், ராஞ்சி என நான்கு கோட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு கோட்டத்திற்கும் மேலாளர் உண்டு. அவருக்குக் கீழ் அலுவலர், நிலைய மேலாளர் எனப் பொறுப்பு படிப்படியாகப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. யார் எவ்வளவு செலவிடலாம், எதனை முடிவு செய்யலாம் என்பன எழுத்தில் உள்ளன. செய்தவற்றை ஆராயத் தணிக்கையும் உண்டு. நள்ளிரவில் வண்டியைக் கடக்கவிடும் நிலைய அலுவலர் அதற்காகக் கார்டன் ரீச்சின் ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பிழை நேர்ந்தால் அவரும் விடை கூற வேண்டும். அவருக்கு மேலுள்ளவரும் விடை கூற வேண்டும்.

பணியைப் பகிரலாம், பொறுப்பை முற்றும் துறத்தல் ஆகாது. வாஜித் அலி ஷாவைச் சிறந்த கலைஞராகப் போற்றுவோம். அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியையும் அறிவோம். அவத் நாட்டு உழவர் பட்ட துன்பத்தையும் அவற்றோடு சேர்த்து நினைவில் கொள்வோம்.

சொல்லும் பொருளும்

அகவை – வயது
பேழை – பெட்டி
திறவுகோல் – சாவி
தண்டுதல் – வரி முதலியவற்றைத் திரட்டுதல்
அல்லல் – துன்பம்
கருவூலம் – அரசின் பொருள் வைக்கும் இடம்
பேராளர் – ஒருவர் சார்பாகச் செயற்படுபவர்
வழித்தோன்றல் – மரபில் வந்தவர்

மதிப்பீடு

1. மெட்டியாபுரூஸ் என்னும் பெயரின் பொருள் யாது?
2. வெள்ளிப் பேழையின் திறவுகோல் மன்னரிடமே இருந்ததன் காரணத்தை விளக்குக.
3. இஜாரா முறையால் உழவர் அடைந்த துன்பங்களை எழுதுக.
4. உத்திரமேரூர் வாரிய முறையையும் அவத் நாட்டு வரி முறையையும் ஒப்பிடுக.
5. அவத் நாட்டின் வீழ்ச்சிக்கு மன்னர், அமைச்சர், கம்பெனி ஆகியோருள் யார் பெரிதும் பொறுப்பாவார்? உம் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.

செயல்பாடு

உம் வகுப்பின் பணிகளான கரும்பலகையைத் தூய்மை செய்தல், நூல்களை வழங்குதல், செடிகளுக்கு நீர் ஊற்றுதல் ஆகியவற்றைக் குழுக்களுக்குப் பகிர்ந்தளிக்க. ஒவ்வொரு குழுவும் என்ன செய்யலாம், எத்தனை நாள், யாரிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்பனவற்றை எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டுக. ஒரு திங்களுக்குப் பின் பணிகள் நடந்த முறையைக் குழுவாகக் கலந்துரையாடுக.