ரப்பருக்கு வழி திறந்த மர்பி துரை

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் விடியுமுன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போகிறவர்கள் ஏராளம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தான் அந்த அவசரம். எல்லைக்கு அந்தப் பக்கம் குலசேகரத்திலும், இந்தப் பக்கம் வெள்ளறடையிலும் இன்று பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது இந்த மரமே.

இதை இந்தியாவில் வியாபாரத்துக்காக முதன்முதலில் பயிரிட்டவர்களில் முன்னே நின்றவர் ஓர் அயர்லாந்துக்காரர். பெயர் ஜான் ஜோசப் மர்பி. 1872-ம் ஆண்டு டப்ளின் நகரில் பிறந்தவர். இளம் வயதிலேயே கடல் கடந்து வந்து, தென்னாட்டு மலைகளில் தோட்டத் தொழிலில் இறங்கினார்.

ரப்பர் இந்த மண்ணின் மரம் அல்ல. அமேசான் காட்டு மரம். 1876-ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். முளைத்தவை கொஞ்சம்தான். அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது.

1902-ல் மர்பியும் வேறு சில ஐரோப்பியர்களும் கூட்டாகச் சேர்ந்து, பெரியாற்றங்கரையில் தட்டேக்காடு என்ற இடத்தில் ரப்பர் நட்டார்கள். இந்தியாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் அதுதான். (தட்டேக்காடு இப்போது பறவைகள் சரணாலயத்துக்குப் பேர்போன ஊர்.)

துணிச்சலான காரியம்தான். கன்று நட்டால் பால் எடுக்க ஏறக்குறைய ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும். அதுவரை கூலி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வரவு காலணா கிடையாது. மோட்டார் வண்டியைக் கண்டவர்களே அபூர்வமாக இருந்த காலம் அது. ரப்பரை யார் வாங்குவார்கள், என்ன விலைக்கு வாங்குவார்கள் என்று எவராலும் சொல்ல முடியாது.

தமிழில் ஒரு பெயர்

பிறகு மர்பி முண்டக்கயத்துக்கு அருகே மலையடிவாரக் காட்டில் சொந்தத் தோட்டம் போட்டார். அந்த இடத்தின் பெயர் ஏந்தயாறு. தாயிடம் மிகுந்த அன்பு கொண்ட மர்பி, 'என் தாய் ஆறு' என்று தமிழிலேயே பெயர் வைத்தார், அதுவே நாளடைவில் ஏந்தயாறு ஆயிற்று என்பது அந்த ஊரார் கூறும் விளக்கம்.

அயர்லாந்துக்காரர், மலையாள பூமி, பெயர் மட்டும் தமிழ்! காரணம் இல்லாமல் இல்லை. மலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டி வந்த காலம் அது. மலைக்காய்ச்சலுக்கும் காட்டு விலங்குகளுக்கும் நடுவே காடு வெட்டியதும், குழி எடுத்ததும் அவர்கள் கைகளே. துரையின் பெயர் நின்றது. அவர்கள் பெயரை எந்த ஏட்டிலும் தேடிப் பிடிக்க முடியாது.

ஆனாலும் மற்ற துரைமார்களைப் போல அல்ல மர்பி என்றே மக்கள் நினைவில் நிற்கிறார். தொழிலாளர்களுக்குக் கூடுதல் கூலி, ஆஸ்பத்திரி வசதி, குழந்தைகளுக்குப் படிப்பு என்று கவனித்தார் என்பார்கள். அவரைப் பார்த்துச் சுற்றுவட்டாரத்துச் சிறு விவசாயிகளும் ரப்பர் வைக்கத் தொடங்கினார்கள்.

சோதனையும் வந்தது. 1930-களின் தொடக்கத்தில், உலகம் முழுவதும் வியாபாரம் படுத்தபோது, ரப்பர் விலை அடிமட்டத்துக்குப் போயிற்று. வெட்டினால் கூலிக்குக்கூடக் கட்டாது என்று மரங்களைச் சும்மா விட்ட தோட்டங்கள் உண்டு. 1942-ல் மலாயா ஜப்பானியர் வசம் போன பிறகுதான் நம் நாட்டு ரப்பருக்கு மீண்டும் பெரும் கிராக்கி வந்தது.

திரும்பிப் போகவில்லை

1947-ல் நாடு விடுதலை அடைந்ததும் பல வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் மூட்டை கட்டினார்கள். மர்பி போகவில்லை. 1957-ல் காலமானார். தம் தொழிலாளர்களை அடக்கம் செய்த இடத்திலேயே தம்மையும் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம் என்கிறார்கள். ஏந்தயாறு மலையில் அவர் கல்லறை இருக்கிறது. அவர் பெயரில் அமைந்த மேல்நிலைப் பள்ளியில் அந்த ஊர்ப் பிள்ளைகள் படிக்கிறார்கள்.