மேரி க்யூரியின் கண்கள்

மேரி க்யூரி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ரெண்டு நோபல் பரிசு, பொலோனியம், ரேடியம். ஸ்கூலில் நாம் படித்தது அவ்வளவுதான். அவருடைய கண்களைப் பற்றி யாரும் சொன்னதில்லை. நம்ம காஞ்சிபுரம் ஜரிகை இழையைப் பார்த்துப் பார்த்து நெய்யிற ஊர். கண் மங்கினால் பிழைப்பு என்ன ஆகும்னு இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். அதனால் இந்தக் கதையை உங்களுக்குச் சொல்லலாம்னு தோணுது.

1867-ல் போலந்தின் வார்சாவில் பிறந்தார் மேரி. அங்கே பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடம் கிடையாது. சில வருஷம் வீட்டு ஆசிரியையாக வேலை பார்த்துவிட்டு 1891-ல் பாரிஸுக்குப் போனார். 1895-ல் பியர் க்யூரியோடு கல்யாணம். 1898-ல் ரெண்டு புதுத் தனிமங்கள். 1903-ல் இயற்பியல் நோபல். 1906-ல் குதிரை வண்டி மோதி பியர் இறந்துபோனார். 1911-ல் வேதியியல் நோபல், இந்த முறை தனியாக.

1914-ல் முதல் உலகப் போர் வந்தது. வீரர்களின் உடம்பில் குண்டு எங்கே இருக்குன்னு தெரியாமலே டாக்டர்கள் கத்தி வைக்க வேண்டிய நிலைமை. எக்ஸ்ரே மெஷின்களோ போர்முனையில் இல்லை. மேரி ஒரு வண்டியில் எக்ஸ்ரே கருவியையும் டைனமோவையும் ஏற்றினார். இன்ஜின் ஓடினால் டைனமோ சுற்றும், கரண்ட் வரும். இப்படிச் சுமார் 20 வண்டிகள், 200 நிலையங்கள். தானே வண்டி ஓட்டவும் கத்துக்கிட்டார். 17 வயது மகள் ஐரீனும் கூடவே வேலை செய்தாள்.

சில நேரம் இருட்டறையில், ஒளிரும் திரையைப் பார்த்தபடியே சர்ஜன் குண்டை எடுப்பார். எக்ஸ்ரே நோயாளியின் உடம்பில் பட்டு நாலா பக்கமும் சிதறும். பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கும் போகும். வலிக்காது, சுடாது. ஆனால் கண் லென்ஸில் அடிபட்ட செல்கள் வெளியேற வழியில்லை. அவை லென்ஸின் பின்பக்கம் சேர்ந்து மெதுவாக மங்கலாக்கும். தெரிய வருவதற்குள் பல வருஷம் ஓடியிருக்கும்.

1920-களில் மேரிக்குக் கண்புரை வந்தது. வெளியே சொல்லவில்லை. பாடக் குறிப்புகளைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டார், கருவிகளில் கலர் அடையாளம் வைத்துக்கொண்டார். வேறு பெயரில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். மொத்தம் நாலு ஆபரேஷன். மாணவர்களைக் காரீயத் தடுப்பு இல்லாமல் வேலை செய்ய விடாதவர், தனக்கு மட்டும் அந்த விதியை வைத்துக்கொள்ளவில்லை. 1934-ல் ரத்த உற்பத்தி நின்றுபோகும் நோயில் இறந்தார். 1995-ல் அவர் உடலைப் பாரிஸின் பாந்தியோனுக்கு மாற்றியபோது கதிர்வீச்சை அளந்தார்கள். ரேடியத்தைவிடப் போர்க்கால எக்ஸ்ரேதான் நோய்க்குக் காரணமாக இருந்திருக்கும் என்று நிபுணர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

பழைய கதைன்னு நினைக்காதீங்க. உங்க தெருவில் ஆஞ்சியோ பண்ணிக்கிட்டவர் ஒருத்தராவது இருப்பார். அந்த டாக்டரும் அதே மாதிரி, எக்ஸ்ரே ஓடும்போதே நோயாளி பக்கத்தில் நிற்கிறார். காரீய ஏப்ரன் உடம்பை மூடும், முகத்தை மூடாது. கதிர் அளக்கும் பேட்ஜை ஏப்ரனுக்கு உள்ளே நெஞ்சில் குத்தியிருப்பார்கள். கண்ணுக்குப் போனது அதில் பதிவாகாது. 2011-ல் சர்வதேச கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் கண் லென்ஸுக்கான வருஷ வரம்பை 150 மில்லிசீவர்ட்டிலிருந்து சராசரி 20 ஆகக் குறைக்கச் சொன்னது.

தடுக்க வழி இருக்கு. கூரையிலிருந்து தொங்கும் காரீயக் கண்ணாடித் திரை, எக்ஸ்ரே குழாயை மேஜைக்குக் கீழே வைப்பது, முடிந்தபோது ஓரடி பின்னால் நகர்வது. அப்புறம் காரீய மூக்குக் கண்ணாடி. அது கனமாக இருக்கும், மூக்கில் வழுக்கும். சிதறல் கீழே நோயாளியிடமிருந்து வருவதால், கன்னத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உள்ள சந்து வழியாக உள்ளே புகுந்துவிடும்.

இது மருத்துவப் பிரச்சினை மட்டுமா? டிசைன் பிரச்சினையும்தானே! ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடிக்கிட்டிருந்தா, அந்தச் சந்தை அடைக்க ஒரு வழி யோசிச்சுப் பாருங்க.